கடை சேர்ந்த வயசுல பல்லுக்குக் கம்பி



மஞ்சளுக்கு முதல் களை எடுத்து முடிச்சாச்சு. ரெண்டு நாளா தூறல் வேற. தோட்டத்துல பெரிய வேலை இல்லை. அதனால, எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன். இது வெள்ளாமை பத்தி இல்லைங்க. என் பல்லு பத்தி.

சின்ன வயசுல எங்கய்யன் கூட அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போவேன். மாடு பார்க்க வர்றவங்க மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுத் தலையைத் தூக்கி, கீழ் உதட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாங்க. மாட்டுக்கு மேல் தாடையில முன்பல் கிடையாது, கீழே மட்டும் எட்டு. ரெண்டு வயசு வாக்குல ரெண்டு பல்லு போடும், அஞ்சு வயசுக்குள்ள எட்டும் வந்துடும். அதைத்தான் "கடை சேந்துருச்சு"ம்பாங்க. அதுக்கப்புறம் தேயறதும் ஆடறதும்தான். கடை சேர்ந்த மாட்டுக்கு யாரும் பல்லு பார்த்து விலையைக் கூட்டிக் கொடுத்ததில்லை.

எனக்கு 54 வயசு. அந்தக் கணக்குல நான் கடை சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த வயசுல பல்லுக்குக் கம்பி போடலாமா வேண்டாமான்னு ஏழு மாசமா யோசிச்சுட்டு இருந்தேன். ஊர்ல கிளிப்புன்னு சொல்றாங்களே, அதேதான்.

எனக்கு மேல்வரிசையில முன்பல்லு நாலும் தூக்கிட்டு இருக்கும். எத்துப்பல்லு. எங்கய்யனுக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரு "தேங்காய்த் துருவி". வாத்தியாருங்க கூட ஒண்ணு ரெண்டு தரம் அப்படிக் கூப்பிட்டிருக்காங்க. 1986ல பத்தாவது முடிச்சப்ப எடுத்த குரூப் போட்டோவுல பின்வரிசையில உதட்டை இறுக்கி மூடிட்டு நிக்கறேன், ஏதோ கோபத்துல இருக்கற மாதிரி. கோபம் இல்லைங்க, பல்லை மறைக்கத்தான். கலியாண ஆல்பத்துலயும் அதே கதை. போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்ண்ணா, சிரிங்ண்ணா"ன்னு கெஞ்சினாரு. ஒரு படத்துல கூட என் பல்லு தெரியாது.

சிரிப்பு வந்தா இடது கை தானா வாய்க்குப் போயிடும். தோள்ல துண்டு இருந்தா துண்டு போகும். வரப்புல தனியா நடக்கறப்ப ஏதாவது நினைச்சுச் சிரிச்சாக் கூட கை மேல வந்துடும். பார்க்கறதுக்கு அங்க கொக்கு மட்டும்தான் இருக்கும்.

இதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஆம்பளை, அதுவும் விவசாயி, பல்லு பத்திக் கவலைப்பட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

இப்ப என் மகள் கதைக்கு வர்றேன். அது தெரிஞ்சாத்தான் மிச்சம் புரியும்.

அவளுக்கும் அதே பல்லு. 2012 ஆரம்பத்துல, அவ எட்டாவது படிக்கறப்ப, பள்ளிக்கூடத்துல பல் முகாம் போட்டாங்க. "இந்த வயசுலயே கம்பி போட்டுட்டா நல்லது, தாடை வளர்ற வயசு"ன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து விட்டாங்க. கோபிச்செட்டிபாளையத்துல போய் விசாரிச்சேன். 25 ஆயிரம் ஆகும்னாங்க.

அந்த வருஷம் மஞ்சள் போட்டவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010ல குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டிப் போச்சு. அதைப் பார்த்துட்டு எல்லாரும் மஞ்சளையே போட்டோம், நானும் மூணு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர் போட்டேன். 2012ல வெட்டி, வேக வெச்சு, காய வெச்சு, ஈரோட்டுக்குக் கொண்டு போனா நாலாயிரத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது. வெட்டுக்கூலி, வேக வைக்கற கூலி போக கையில ஒண்ணும் நிக்கலை. போதாததுக்குக் கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. சொசைட்டிக் கடன் வேற.

மகள் அந்தச் சீட்டைக் கையில வெச்சுட்டு நின்னா. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பல்லுல என்ன கண்ணு இருக்கு? படிப்பைப் பாரு"ன்னேன். அவ சரிங்கப்பான்னு போயிட்டா. திரும்பக் கேட்கவே இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பொங்கலன்னிக்கு அவ சித்தப்பா பசங்களோட திண்ணையில உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரிக்கறா. அவ இடது கை வாய்க்குப் போச்சு. நான் போற மாதிரியே. தண்ணிக்குடத்தோட அப்படியே நின்னுட்டேன். பல்லு என்கிட்டேருந்து வந்துச்சு, அது யார் கையிலயும் இல்லை. அந்தக் கையும் என்கிட்டேருந்துதான் போச்சு.

பொறவு அவ படிச்சு, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில கணக்கு வேலைக்குச் சேர்ந்தா. 23 வயசுல, சம்பளம் வாங்க ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தானே கம்பி போட்டுக்கிட்டா. தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்பதான் பார்த்தோம். எங்கம்மா "கலியாணத்துக்குப் பார்க்கற புள்ளை வாயில இரும்பை மாட்டிட்டு வந்து நிக்குது"ன்னு ஒரு பாட்டம் அழுதாங்க. இருபது மாசம் ஆச்சு. போன வருஷம் கழட்டிட்டாங்க. இப்ப அவ சிரிச்சா கை மடியிலயே இருக்கு.

என் கதை இந்த வருஷம் தைப்பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சுது. எனக்கு இடது பக்கம் கீழே ஒரு கடவாப்பல்லு இல்லை. 2003ல சொத்தைன்னு பிடுங்கினது. அந்த இடத்துல வேற பல்லு கட்டச் சொன்னாங்க, உள்ளதானே இருக்கு யாருக்குத் தெரியப் போவுதுன்னு விட்டுட்டேன். இப்பக் கொஞ்ச நாளா சோறு திங்கறப்ப கன்னத்தைக் கடிச்சுக்கறேன். பல்லு விளக்கினா ரத்தம். மேல் முன்பல்லுக்குப் பின்னால அண்ணத்துல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. முன்பல்லு முன்னைவிட இன்னும் கொஞ்சம் வெளிய வந்து, நடுவுல சந்து விழுந்துடுச்சு. மகள் லீவுல வந்தப்பப் பார்த்துட்டு விடலை, கோபிக்கு இழுத்துட்டுப் போயிட்டா.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். முழுத் தாடைக்கும் ஒரு எக்ஸ்ரே, பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. மில்லிமீட்டர் குறி போட்ட சின்னக் கம்பி ஒண்ணை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு பல்லா அளந்தாங்க. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் ஆழம் இருந்தா சரி, அதுக்கு மேல போனா ஈறு விட்டுக் கொடுத்திருக்குன்னு அர்த்தமாம். எனக்குப் பல இடத்துல அஞ்சு.

அப்புறம் உட்கார வெச்சு விளக்கமாச் சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சதை என் பாஷையில சொல்றேன்.

வாழைத்தோப்புல நடுவுல ஒரு மரம் விழுந்துட்டா என்ன ஆகும்? பக்கத்து மரமெல்லாம் வெளிச்சத்தைத் தேடி அந்தச் சந்துப் பக்கம் சாயும். பல்லும் அப்படித்தானாம். ஒண்ணைப் பிடுங்கி இடத்தைச் சும்மா விட்டா, பக்கத்துப் பல்லு அந்தப் பக்கம் சாயும், மேல இருக்கற எதிர்ப்பல்லு கீழே இறங்கும். கடிக்கற சமன் கெட்டுப் போகும். எனக்கு இருபது வருஷமா அது நடந்திருக்கு. அதோட ஈறும் எலும்பும் பலம் குறைஞ்சதால முன்பல்லு வெளிய நகர்ந்திருக்கு. கீழ்வரிசை முன்பல்லு நேரா அண்ணத்துல போய்க் குத்துது, அதுதான் அந்தப் புண்ணு.

"54 வயசுல பல்லு நகருமாம்மா? மரம் முத்திப் போச்சே?"ன்னு கேட்டேன். பல்லு எலும்புல சிமெண்டு போட்ட மாதிரி நிக்கலைன்னாங்க. நடுவுல மெல்லிசா ஒரு நார் இருக்கு. கம்பி ஒரு பக்கம் மெதுவா அழுத்தம் கொடுத்தா, அழுத்தற பக்கம் எலும்பு கரையும், விலகற பக்கம் புதுசா எலும்பு வளரும். இது உசிரு இருக்கற வரைக்கும் நடக்கும். வயசானவங்களுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான். சின்னப் பசங்களுக்குத் தாடை வளர்றப்பவே அதைத் திருத்திக்கலாம். பெரியவங்களுக்குத் தாடை வளர்ந்து முடிஞ்சுது, பல்லை மட்டும்தான் நகர்த்த முடியும். தாடை எலும்பே ரொம்ப முன்னப் பின்ன இருந்தா ஆபரேஷன் வேணும். எனக்கு அந்த அளவு இல்லையாம்.

ஆனா, கேட்டுப் பயந்து போனது வேற. ஈறு கெட்டிருக்கறப்ப கம்பி போட்டா, பல்லு நேராகறதுக்குப் பதிலா ஆடி விழக் கூட வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல ஈறு வைத்தியம். சக்கரை பார்க்கணும், சக்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னா ஈறு தேறாது. வெத்தலை பாக்கை விடணும். இதெல்லாம் சரியாச்சுன்னாத்தான் கம்பிப் பேச்சே. கம்பி போட்டா ரெண்டு வருஷம் ஆகலாம், மாசம் ஒரு தரம் போகணும். மேல்வரிசையில நல்ல பல்லு ரெண்டைப் பிடுங்கணும், அப்பத்தான் முன்பல்லு பின்னால போக இடம் கிடைக்கும். நெருக்கமா மொளைச்ச சோளத்துல நடுவுல ரெண்டு பயிரைக் கலைச்சு விடற மாதிரி. கழட்டினதுக்கு அப்புறம் ராத்திரியில ஒரு தகடு மாட்டிட்டுத் தூங்கணும், அதுவும் ஆயுசுக்கும். விட்டா பல்லு பழைய இடத்துக்கே திரும்பப் போகப் பார்க்கும்.

சாதாரண இரும்புக் கம்பிக்கு 45 ஆயிரம். முதல்ல 15 ஆயிரம், அப்புறம் மாசம் 1,500, இருபது மாசம். பல்லு நிறத்துல இருக்கற கம்பி இன்னும் கூட. கண்ணுக்கே தெரியாத மாதிரி கழட்டி மாட்டற உறை ஒண்ணு இருக்கு, அது லட்சத்தைத் தாண்டிப் போகுது. நான் அந்தப் பக்கமே திரும்பலை.

நான் நேராவே கேட்டேன். "இதைப் போடலைன்னா என்னம்மா ஆகும்?"

அந்தம்மா சொன்ன பதிலுக்காகவே அவங்க மேல மரியாதை வந்துச்சு. "ஈறு வைத்தியத்தை நீங்க கட்டாயம் பண்ணணும்ங்க, அதுல யோசனையே வேண்டாம். அண்ணத்துல குத்தறதுக்கும் ஏதாவது ஒரு வழி பண்ணணும், கம்பிதான் நல்ல வழி. ஆனா முன்பல்லு வெளிய இருக்கறதால யாரும் சாகறதில்லை. அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்ங்கறது உங்களுக்குத்தான் தெரியும்."

சரி, ஈறை மட்டும் பார்த்துக்கலாம்னு மனசுல முடிவு பண்ணிட்டு வீட்டுக்கு வந்தேன். 45 ஆயிரம்ங்கறது சுமாரான ஒரு கறவை மாட்டு விலை. வாயில மாட்டிக்கிட்டா பாலா கறக்கப் போவுது?

ஊர்ல ஆளுக்கொரு பேச்சு. டீக்கடையில ஒரு பங்காளி, "ஏப்பா, ரெண்டாங் கலியாணம் ஏதாச்சும் பார்க்கறியா?"ன்னான். எங்கம்மாவுக்கு 78 வயசு, வாயில ஏழு பல்லுதான் மிச்சம். "விழப்போற பல்லுக்கு எதுக்குச் சாமி காசு?"ன்னாங்க. அதுவும் ஒரு நியாயம்தான். எங்க வூட்ல மட்டும், "சோறு திங்கறப்ப நாளைக்கு ஒரு தரம் கன்னத்தைக் கடிச்சுட்டுக் கத்தறீங்க, என்னால கேட்க முடியலை. எதையாவது பண்ணுங்க"ன்னாங்க.

மார்ச் கடைசியில மஞ்சள் வித்தேன். ரொம்ப வருஷம் கழிச்சு நல்ல விலை கிடைச்சுது. கடனெல்லாம் கட்டினது போக ரொம்ப நாளைக்கப்புறம் கையில காசு நின்னுச்சு. முதல் காரியமா 40 ஆயிரத்தை ஒரு கவர்ல போட்டு, மகள் வந்தப்பக் கொடுத்தேன். "உன் பல்லுக்குச் செலவு பண்ணினியே கண்ணு. அன்னிக்கு அப்பனால முடியலை, இப்ப வாங்கிக்க"ன்னேன்.

அவ கவரை வாங்கலை. சந்தோஷப்படுவான்னு நினைச்சேன், மூஞ்சி சிவந்து போச்சு.

"காசு இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. மஞ்சள் விலை என்ன, மோட்டார் என்ன ஆச்சு எல்லாம் தெரியும். காசு இல்ல கண்ணுன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணுமே நினைச்சிருக்க மாட்டேன். பல்லுல என்ன இருக்குன்னு சொன்னீங்க. அப்ப, அதை நினைச்சு அழுவறது என் தப்புன்னு நினைச்சுட்டேன். பத்து வருஷம் அப்படியே நினைச்சேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்களுக்கும் பல்லுல ஒண்ணும் இல்லையாப்பா?"ன்னு கேட்டா.

பதில் சொல்ல முடியலைங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அவ சொன்னது சரி. பல்லுல என்ன இருக்குன்னு மத்தவன் யாராவது சொல்லலாம். நான் சொல்லக்கூடாது. பத்து வயசுலருந்து வாயைப் பொத்திட்டுத் திரியறவன் நான். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? கையில காசு இல்லைங்கறதைச் சொல்ல வெக்கப்பட்டுட்டு, பிள்ளையோட கவலையைச் சின்னதாக்கிட்டேன். வறுமையில தப்பு இல்லை, பொய் சொன்னதுதான் தப்பு.

இப்பவும் "இந்த வயசுல எதுக்கு"ன்னு நான் சொல்லிட்டு இருக்கறது அதே பொய்யோட இன்னொரு கிளைன்னு தோணுச்சு. காசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லலாம். பயமா இருக்குன்னா பயம்னு சொல்லலாம். ஆனா எனக்கு வேண்டாம்னு மட்டும் சொல்ல முடியாது. ஏன்னா, எனக்கு வேணும்.

மறுநாள் காலையில மகள் பஸ் ஏறறதுக்கு முன்னால, "கண்ணு, அப்பன் அன்னிக்குச் சொன்னது தப்பு"ன்னு மட்டும் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. என் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டுட்டுப் பஸ் ஏறிட்டா.

அதுக்கப்புறம் நடந்தது வேகமா. வெத்தலை பாக்கை விட்டேன், முதல் பத்து நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. சக்கரை பார்த்தேன், எல்லைக்கோட்டுல இருக்கு, நடையும் சாப்பாடும் பார்த்துக்கணும்னாங்க. ஈறுக்குள்ள ஆழமாச் சுத்தம் பண்றதை நாலு தடவையாப் பண்ணினாங்க, மரத்துப்போற ஊசி போட்டுத்தான். காலையும் ராத்திரியும் ரெண்டு வேளை விளக்கறேன், பல்லு சந்துக்குன்னு ஒரு குட்டி பிரஷ் தனியா. மூணு மாசம் கழிச்சு மறுபடி அளந்தாங்க. அஞ்சு இருந்த இடமெல்லாம் மூணு, ஒண்ணு ரெண்டு இடத்துல நாலு. ரத்தம் நின்னு போச்சு. "இப்பப் போடலாம்ங்க"ன்னாங்க.

ரெண்டு பல்லும் போன வாரம் எடுத்தாச்சு. வர்ற புதன்கிழமை கம்பி. மஞ்சள் காசுலதான். சாய்ஞ்ச கடவாப்பல்லு நிமிர்ந்ததும் அந்தப் பழைய சந்துல புதுப் பல்லு கட்டறதாச் சொல்லியிருக்காங்க, அதுக்குத் தனிச் செலவு. அதை அப்பப் பார்த்துக்கலாம்.

என் வயசுல யாராவது இதே யோசனையில இருந்தா, ஒரு சம்சாரியா நான் சொல்ல முடிஞ்சது இதுதான். முதல்ல ஈறைப் பாருங்க, அது சரியில்லாம கம்பி போடறேன்னு யார் சொன்னாலும் இன்னொரு இடத்துல கேளுங்க. மொத்தம் எவ்வளவு, எத்தனை மாசம், கழட்டினப்புறம் என்ன செலவுன்னு எழுதி வாங்கிக்கங்க. வெளிய கட்ட முடியலைன்னா பல் மருத்துவக் கல்லூரிகள்ல செலவு குறைவு, ஆனா நேரம் நிறைய ஆகும், அலையறதுக்குத் தயாராப் போங்க. மாசம் ஒரு நாள் ஒதுக்க முடியாதுன்னா ஆரம்பிக்காதீங்க, பாதியில விட்ட வெள்ளாமை மாதிரி ஆயிடும். ஈறு வைத்தியம் மட்டும் போதும்னு நீங்க முடிவு பண்ணினா அதுவும் நல்ல முடிவுதான். எங்கம்மா சொன்ன நியாயத்தை நான் இன்னும் தப்புன்னு சொல்லலை.

ஒண்ணே ஒண்ணு. வீட்டுல ஒரு பிள்ளை பல்லைப் பத்திக் கேட்டா, முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. அதுல என்ன இருக்குன்னு சொல்லாதீங்க.

கம்பி போட்டா முறுக்கு, கடலை உருண்டை, கரும்பு எதுவும் ஆகாதாம். களியும் கம்பங்கூழும் எனக்குப் பழக்கம்தான், அதுக்குக் கவலையில்லை. கரும்புதான் மனசைப் பண்ணுது. பல்லு எடுத்த புண்ணு மேல ஆறிடுச்சு, பக்கவாட்டுல கடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எங்க வூட்ல கிட்டச் சொல்லிட்டு, நேத்து சாயங்காலம் பக்கத்துக் காட்டுல ஒரு கரும்பு வாங்கிட்டு வந்து வாய்க்கா மேட்டுல உட்கார்ந்தேன். வலது பக்கப் பல்லுல மெதுவா உரிச்சு, ஒரு மணி நேரம் தின்னேன். அந்தப் பக்கமா வந்த பங்காளி, "என்னப்பா, கடைசிக் கரும்பா?"ன்னு கேட்டான். சிரிச்சேன். கை வழக்கம் போல மேல வந்துச்சு. கரும்பைப் பிடிச்சிருந்ததால பாதியில நின்னுடுச்சு.

வாய்க்கா மடை திறந்து கெடக்கு, போய் அடைக்கணும். வரட்டுங்களா. கம்பி போட்டு ஒரு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு எழுதறேன்.